ஓர் எண்ணும் மூன்று அளவைகளும்

கணிதம் என்றவுடன் அதனை விஞ்ஞானபீடத்தாருக்கே உரியதென்று ஒதுக்கிவிடுதல் கலைப்பீட மாணவரிடையே உள்ள வழக்கமாகும். வரலாறு, மெய்யியல், இலக்கியம் முதலிய துறைகளிற் பயில்வோருக்கு எண்களாற் பயன் யாது என வினவுவாருமுளர். ஆயின், ‘ஒன்றை அறிந்தோம் என்று எப்பொழுது சொல்லலாம்?’ என்பது மெய்யியலின் தலையாய வினாக்களுள் ஒன்று. ‘பிறர் சொல்லை எவ்வளவு தூரம் நம்பலாம்? தான் சோதித்தறியாததை உறுதியாகச் சொல்லுதல் தகுமா?’ என்பன அறவியலுக்குரிய வினாக்கள். இவற்றை ஆராய்வதற்கு நீதிமன்ற வழக்குகளையோ சமயவாதங்களையோ தேடிச் செல்லவேண்டுமென்பதில்லை. ஒரேயொரு முழுவெண்ணின் வரலாறே போதுமானது. அவ்வரலாற்றைத் துணைக்கொண்டு, உண்மைக்கும் அவ்வுண்மையைச் சொல்லும் உரிமைக்குமிடையேயுள்ள தொடர்பினை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் எடுத்துக்கொள்ளும் எண் 147,573,952,589,676,412,927 என்பதாகும். இருபத்தோர் இலக்கங்களையுடைய இவ்வெண் பார்வைக்கு யாதோர் ஒழுங்குமற்றதாகத் தோன்றினும் பிறப்பினால் மிக எளியது. அறுபத்தேழு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வந்த விடையிலிருந்து ஒன்றைக் கழித்தால் இவ்வெண் கிடைக்கும். அதாவது, இது இரண்டின் அறுபத்தேழாம் வலுவினும் ஒன்று குறைந்தது. சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் ஒரு தானியமணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என இரட்டித்து வைத்துத் தருமாறு அரசனிடம் பரிசு கேட்டவனின் கதையை நாம் அறிவோம். அறுபத்துநான்கு கட்டங்களிலும் சேரும் மணிகளின் தொகை இரண்டின் அறுபத்துநான்காம் வலுவினும் ஒன்று குறைந்ததாகும். அப்பலகையில் இன்னும் மூன்று கட்டங்கள் இருந்திருப்பின் எத்தொகை சேர்ந்திருக்குமோ, அதுவே நமது எண்.

ஒன்றினும் பெரியதாய், ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெந்த முழுவெண்ணாலும் மீதியின்றிப் பிரிக்கப்படாததாய் உள்ள எண்ணை முதன்மை எண் என்பர். பகா எண் எனவும் வழங்குவர். 2, 3, 5, 7, 11 என்பன அத்தகையன. மூன்றையும் ஐந்தையும் காரணிகளாகவுடைய 15 போன்றவை சேர்த்தி எண்கள். இரண்டின் வலுவொன்றினும் ஒன்று குறைந்த எண் முதன்மை எண்ணாக வேண்டுமாயின், அவ்வலுவின் சுட்டி முதன்மை எண்ணாயிருத்தல் வேண்டும். சுட்டி 2, 3, 5, 7 ஆகும்போது முறையே 3, 7, 31, 127 கிடைக்கின்றன; நான்கும் முதன்மை எண்களே. இதனைக் கண்டவர், சுட்டி முதன்மை எண்ணாயிருந்தாற் போதும் என்று முடிவுகட்டிவிடக்கூடும். ஆயின், சுட்டி 11 ஆகும்போது கிடைக்கும் 2047 என்பது 23ஐ 89ஆற் பெருக்க வருவது. இதனை 1536ஆம் ஆண்டில் றீஜியஸ் என்பார் எடுத்துக்காட்டினார். நான்கு சாட்சிகள் ஒருமுகமாகச் சொன்னமையால் ஐந்தாவது சாட்சியும் அவ்வாறே சொல்லும் என்று கொள்ளலாகாது என்பது எண்கள் நமக்குப் புகட்டும் முதற் பாடமாகும்.

67 ஒரு முதன்மை எண். எனவே, அதனைச் சுட்டியாகக் கொண்டு பிறந்த நமது எண் முதன்மை எண்ணா, சேர்த்தி எண்ணா என்னும் வினா நியாயமாகவே எழுகின்றது. இவ்வினாவுக்கு மாந்தர் விடை கண்ட வரலாறு மூன்று கட்டங்களாக அமைந்தது. அம்மூன்றையும் விளங்கிக்கொள்வதற்கு நமது மரபிலேயே தக்க சொற்கள் உள. அறிவு எவ்வழியாக வருகின்றது என்பதனைச் சைவசித்தாந்திகள் ‘அளவை’ என்னுந் தலைப்பில் ஆராய்ந்தனர். பிறர் பலவாக விரித்துக் கூறிய அளவைகளையெல்லாம் அருணந்தி சிவாசாரியர் தமது சிவஞானசித்தியாரில் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றினுள் அடக்கினார். நேரே காண்பது காண்டல்; புகையைக் கண்டு ஆங்கே நெருப்புண்டெனத் துணிவது கருதல்; நம்பத்தக்கார் வாய்மொழியால் அறிவது உரை. கணித அறிவு கண் முதலிய பொறிகளால் வருவதன்று. ஆதலின் இச்சொற்களை அவற்றின் முழுச் சாத்திரப் பொருளில் இங்குக் கையாளவில்லை. எனினும், அறிவின் வகைகளை வேறுபடுத்தி நோக்குவதற்கு இவற்றினுஞ் சிறந்த சொற்கள் கிடைத்தல் அரிது.

முதற் கட்டம் உரை. பாரிசு மாநகரில் மினிம் சபைத் துறவியாக வாழ்ந்த மரேன் மேர்சென் என்பார் 1644ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றின் முகவுரையில் ஒரு பட்டியலைத் தந்தார். சுட்டி 257 வரையில் எடுத்துக்கொண்டால், 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய பதினொரு சுட்டிகளுக்கு மட்டுமே முதன்மை எண்கள் கிடைக்கும் என்பது அவர் கூற்று. மேர்சென் சாதாரண மனிதரல்லர். தேக்காட்டு, பேர்மா முதலிய பேரறிஞர்களோடு ஓயாது கடிதத் தொடர்பு கொண்டு, ஒருவர் கண்டதை மற்றவருக்கு அறிவித்து, அக்கால ஐரோப்பிய அறிவுலகின் நடுநாயகமாக விளங்கியவர். இத்தகையவர் சொன்னமையால் 67ஆம் எண் முதன்மை எண்களின் வரிசையில் வீற்றிருந்தது. அதனை மறுத்து நிறுவுவதற்கு 232 ஆண்டுகள் சென்றன.

மேர்சென் இதனைச் சோதித்தறிந்தாரா? சோதித்திருக்க இயலாது. ஓர் எண் முதன்மை எண்தானா என அறிய, அதன் வர்க்கமூலம் வரையிலுள்ள முதன்மை எண்களால் அதனைப் பிரித்துப் பார்ப்பதே யாவரும் அறிந்த வழி. நமது எண்ணின் வர்க்கமூலம் ஏறத்தாழ 1,214 கோடி. ஒருவர் தம் வாழ்நாள் முழுவதையும் செலவிட்டாலும் இப்பணி நிறைவுறாது. பதினைந்து அல்லது இருபது இலக்கமுள்ள எண்ணொன்று முதன்மை எண்ணா எனச் சோதிப்பதற்குக் காலம் முழுவதும் போதாது என்ற கருத்தினை மேர்சென் தாமே குறிப்பிட்டுமுள்ளார். ஆகவே, சோதிக்க இயலாதெனத் தாம் அறிந்த ஒன்றையே அவர் உறுதியாகச் சொன்னார். அவரது பட்டியலிற் குறைகள் ஐந்து உளவென்பது பின்னர்த் தெளிவாயிற்று. 67, 257 ஆகிய இரண்டும் சேரத் தகாதன. 61, 89, 107 ஆகிய மூன்றும் விடுபட்டன. பட்டியல் முழுவதும் சரிபார்க்கப்பட்டு முடிந்தது 1947ஆம் ஆண்டிலாகும்.

இங்கு மேர்செனைப் பொய்யரென்று பழித்தல் முறையன்று. ஏமாற்றும் எண்ணம் அவரிடம் இருந்ததற்கு யாதொரு சான்றுமில்லை. ஆராய்ச்சியிற் பிழை நேர்தல் இயல்பே. பிழைக்கு அஞ்சுபவர் ஒன்றையும் ஆராயமாட்டார். அவரது கூற்றே பின்வந்த பலரை இத்துறைக்கு இழுத்தது என்பதையும் மறுக்க இயலாது. இன்றும் இவ்வகை எண்கள் அவர் பெயராலேயே வழங்குகின்றன. அவரிடம் நாம் காணுங் குறை பிழை செய்தமையன்று. தாம் அம்முடிவுக்கு எவ்வாறு வந்தார் என்பதனைச் சொல்லாது விட்டமையே. ‘இவ்வாறு இருக்கலாமெனக் கருதுகிறேன்’ என்பதற்கும் ‘இவ்வாறுதான்’ என்பதற்குமிடையே உள்ள வேறுபாடு இலக்கண வேறுபாடு மட்டுமன்று. அஃது ஓர் அற வேறுபாடு. முன்னையது கேட்போனை ஆராயுமாறு அழைக்கின்றது. பின்னையது ஆராய வேண்டாமெனத் தடுக்கின்றது.

இரண்டாங் கட்டம் கருதல். 1876ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுக் கணிதவியலாளர் எடுவார் லூக்கா நமது எண் சேர்த்தி எண்ணே என நிறுவினார். வியப்பு யாதெனில், அதன் காரணிகளுள் ஒன்றையேனும் அவர் கண்டிலர். காரணியைக் காணாமல் காரணி உண்டென்று துணிதல் எவ்வாறு? லூக்காவின் வழியை 1930ஆம் ஆண்டளவில் லேமர் என்பார் செம்மைப்படுத்தினார். அச்செம்மையான வடிவிலே அதனை எளிதில் விளக்கலாம். 4 என்னும் எண்ணிலிருந்து தொடங்குக. அதனை வர்க்கித்து இரண்டைக் கழித்தால் 14. அதனை வர்க்கித்து இரண்டைக் கழித்தால் 194. அவ்வாறே அடுத்தது 37634. சுட்டியினும் ஒன்று குறைந்த இடத்திலுள்ள உறுப்பினை நாம் சோதிக்கும் எண்ணாற் பிரித்தால் மீதி வராதாயின் அவ்வெண் முதன்மை எண். மீதி வருமாயின் சேர்த்தி எண். சுட்டி 5 ஆயின் எண் 31, நான்காம் உறுப்பு 37634, அது 31இன் 1214 மடங்கு, மீதியில்லை. சுட்டி 11 ஆயின் எண் 2047. பத்தாம் உறுப்பினை அதனாற் பிரிக்க 1736 மீதியாகின்றது. ஆகவே 2047 சேர்த்தி எண். அதன் காரணிகள் 23, 89 என்பதை இச்சோதனை நமக்குச் சொல்லவில்லை. எங்கேயோ காரணிகள் உள என்பதை மட்டுமே சொல்கின்றது.

புகையைக் கண்டு நெருப்பினைத் துணிதல் என நம்மவர் கூறிய உவமை இவ்விடத்து எத்துணைப் பொருத்தமுடையதென எண்ணிப் பார்க்கலாம். லூக்கா புகையைக் கண்டார், நெருப்பினைக் கண்டிலர். ஆயினும், மலையிற் புகையைக் கண்டவன் சில வேளை மூடுபனியைப் புகையென மயங்கக்கூடும். கணிதத்திலோ, அனுமானத்தின் ஒவ்வொரு படியும் செம்மையாயிருப்பின் மயக்கத்துக்கு இடமில்லை. எனவே லூக்காவின் அறிவு காட்சிக்குச் சிறிதும் தாழ்ந்ததன்று. அஃது உரையினும் மேம்பட்டதற்குக் காரணம் அவர் மேர்செனினும் பெரியார் என்பதன்று. அவர் சென்ற வழியிலே பிறரும் செல்லலாம் என்பதேயாகும்.

மூன்றாங் கட்டம் காண்டல். அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிராங்க் நெல்சன் கோல் 1903ஆம் ஆண்டு ஒற்றோபர்த் திங்களில் நியூயோர்க் நகரில் நடைபெற்ற அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் நமது எண்ணின் காரணிகளை வெளிப்படுத்தினார். அவை 193,707,721 என்பதும் 761,838,257,287 என்பதுமாம். அவர் கண்ணை மூடிக்கொண்டு தேடியவரல்லர். நமது எண்ணைப் பிரிக்கும் எந்த முதன்மை எண்ணும் 134இன் மடங்கொன்றினும் ஒன்று கூடியதாகவே இருத்தல் வேண்டும் என்பது முன்னரே நிறுவப்பட்ட உண்மை. 134ஐ 1,445,580ஆற் பெருக்கி ஒன்றைக் கூட்ட முதற் காரணி வருதலைக் காணலாம். இதுபோன்ற பல நிபந்தனைகளால் வேண்டாதவற்றைக் களைந்து களைந்து அவர் அவ்வெண்ணை அடைந்தார். அக்காலத்தில் இன்றுள்ள கணினி இல்லை. கையாற் கணித்தே இதனைச் செய்து முடித்தார்.

அக்கூட்டம் பற்றி எரிக் தெம்பிள் பெல் என்பார் பின்னாளில் எழுதிய நூலில் ஒரு கதை கூறுகிறார். கோல் யாதும் பேசாது கரும்பலகையை அணுகி, இரண்டின் அறுபத்தேழாம் வலுவைக் கணித்து ஒன்றைக் கழித்தாராம். பின்னர் இரு எண்களையும் எழுதிப் பெருக்கிக் காட்டினாராம். இரு விடைகளும் ஒன்றாயிருக்கக் கண்ட அவையோர் கைதட்டி ஆரவாரித்தனராம். எவ்வளவு காலஞ் சென்றதென வினவியபோது மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் என்று அவர் விடையளித்ததாகவும் பெல் கூறுகிறார். இக்கதையில் அழகுக்காகச் சேர்க்கப்பட்டது எவ்வளவு என ஐயுறுவோரும் உளர். அவ்வையம் நமது பொருளுக்குப் புறம்பானதன்று. கோல் பேசாதிருந்தார் என்பதை நாம் பெல்லின் உரையால் மட்டுமே அறிகின்றோம். ஆனால், அவர் எழுதிய பெருக்கலை நாமே செய்து பார்க்கலாம். கதை முழுவதும் புனைவாயினும் பெருக்கல் பிழையாகாது.

ஒன்பதால் வகுத்து மீதி காணும் பழைய வழியை இங்குப் பயன்படுத்திப் பார்ப்போம். நமது எண்ணின் இலக்கங்களைக் கூட்ட 109 வரும். அதனை ஒன்பதாற் பிரிக்க மீதி ஒன்று. முதற் காரணியின் இலக்கங்களைக் கூட்ட 37, மீதி ஒன்று. இரண்டாங் காரணியின் இலக்கங்களைக் கூட்ட 64; மீதி ஒன்று. ஒன்றை ஒன்றாற் பெருக்க ஒன்று, கணக்கு ஒத்துவருகின்றது. ஆயின் இவ்வொப்புமை நிறுவல் ஆகாது. இரு இலக்கங்களை இடம்மாற்றி எழுதியிருப்பினும் இச்சோதனை அதனைக் கண்டுபிடியாது. ஒத்துவருதல் வேறு, நிறுவப்படுதல் வேறு. முழுப் பெருக்கலையும் செய்து முடிப்பதே நிறுவல். அதற்கு ஒரு தாளும் எழுதுகோலும் அரைமணி நேரப் பொறுமையும் போதும். பெருக்கல் வாய்பாடு அறிந்த பள்ளிச் சிறுவனும் செய்யலாம்.

இதில் ஆழ்ந்து நோக்கத்தக்க ஓர் உண்மை உண்டு. காரணிகளைக் கண்டறிதற்கு ஒரு பேராசிரியரின் நீண்ட உழைப்பு வேண்டியிருந்தது. அவற்றைச் சரிபார்ப்பதற்கோ ஒரு மாணவனின் அரைமணி நேரமே வேண்டும். தேடுவோருக்கிடையே ஏற்றத்தாழ்வு உண்டு, சோதிப்போருக்கிடையே அஃதில்லை. பிளேற்றோவின் ‘மேனோ’ என்னும் உரையாடலில், கல்வியறிவற்ற அடிமைச் சிறுவன் ஒருவனைக் கொண்டே ஒரு சதுரத்தின் இருமடங்கு பரப்புள்ள சதுரத்தைச் சோக்கிரதீசர் காணச் செய்கின்றார். ஆன்மா முன்னரே அறிந்ததை நினைவுகூர்கின்றது என்பதைக் காட்டவே பிளேற்றோ அதனை எழுதினார். அக்கொள்கையை நாம் ஏற்காவிடினும், அதிலிருந்து வேறொன்றைப் பெறலாம். நிறுவலின் முன்னிலையில் அடிமையும் ஆண்டானும் ஒரே நிலையினர். யார் சொன்னார் என்பதை விடுத்துச் சொன்னதன் மெய்ம்மையைக் காண்பதே அறிவு என்பது வள்ளுவர்க்கும் உடன்பாடான கருத்தாகும்.

இனி, ஓர் ஆட்சேபத்தை நோக்குவோம். கோல் காண்பதற்கு முன்னர் அக்காரணிகள் எங்கிருந்தன? மனிதர் எண்ணத் தொடங்குமுன்பே நமது எண் சேர்த்தி எண்ணாக இருந்ததா? ஆங்கிலக் கணிதவியலாளர் ஹார்டி 1940ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், 317 முதன்மை எண்ணாயிருப்பது நமது மனத்தின் அமைப்பினால் அன்று, உண்மை நிலை அவ்வாறிருப்பதனாலேயே என வாதிட்டார். ஒல்லாந்து அறிஞர் புறவரோ, கணிதப் பொருள்கள் மனத்தின் ஆக்கங்களே எனவும், ஆக்கிக் காட்டும் வழியின்றி ஒன்றை உண்மையெனச் சொல்லலாகாதெனவும் கொண்டார். எனினும், முடிவுள்ள ஒரு சோதனையால் விடை காணத்தக்க வினாவைப் பொறுத்தவரையில் அவரும் ‘முதன்மை எண் அல்லது சேர்த்தி எண்’ என்பதனை ஏற்பார். ஆகவே, நமது எண்ணைப் பொறுத்தவரை இரு சாராருக்குமிடையே பகை தோன்றுமளவு பெரியதன்று.

நாம் கொள்ளத்தக்க முடிவு இதுவெனத் தோன்றுகின்றது: உண்மையை நாம் ஆக்குவதில்லை, அறிவையே ஆக்குகின்றோம். மேர்செனின் புகழ் அவ்வெண்ணை ஒரு கணமேனும் முதன்மை எண்ணாக்கவில்லை. அரசாணை பிறப்பித்தோ, அவையிற் பெரும்பான்மை வாக்கெடுத்தோ, சொன்னதையே ஆயிரமுறை திரும்பச் சொல்லியோ அதன் காரணிகளை அழித்துவிட முடியாது. 1644க்கும் 1876க்கும் இடைப்பட்ட காலம் முழுவதும் உண்மை குறைவுபடாதிருந்தது. குறைவுபட்டிருந்தது மனிதரின் அறிவே. உண்மை எவருடைய உடைமையுமன்று. அதனைச் சொல்லும் உரிமையோ உழைத்துப் பெறவேண்டியது. அவ்வுரிமை சொல்வோனின் பெருமையினால் வருவதன்று. தான் சென்ற வழியைத் திறந்து வைத்துப் பிறர் சோதிக்க இடங்கொடுப்பதனால் வருவது.

இம்முடிவுக்கு இக்காலத்தில் ஒரு பெருந்தடை எழுந்துள்ளது. 1976ஆம் ஆண்டில் அப்பெல், ஹாக்கன் என்னும் இருவர் நான்கு நிறத் தேற்றத்தைக் கணினியின் துணைகொண்டு நிறுவினர். அந்நிறுவலின் கணிப்புகள் முழுவதையும் ஒருவர் கையாற் செய்து பார்த்தல் இயலாது. இவ்வாறாயின் கணிதத்தினுள்ளும் அனுபவ அறிவு புகுந்துவிட்டதன்றோ என மெய்யியலாளர் தைமோஸ்கோ 1979இல் வினவினார். 2024ஆம் ஆண்டு ஒற்றோபரில் அறிவிக்கப்பட்ட மேர்சென் முதன்மை எண்ணொன்று, இரண்டின் 136,279,841ஆம் வலுவினும் ஒன்று குறைந்தது, 41,024,320 இலக்கங்களையுடையது. பக்கமொன்றுக்கு 3,000 இலக்கங்களாக அச்சிட்டால் பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்கள் வேண்டும். அஃது முதன்மை எண் என்பதனை எந்த மனிதரும் தம் மனத்தாற் காணவில்லை, காணவும் முடியாது. கணினி சொல்கின்றது, நாம் கேட்கின்றோம். அவ்வாறாயின், மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக நடந்து நாம் மேர்சென் இருந்த இடத்துக்கே, உரை என்னும் அளவைக்கே, திரும்பிவந்துவிட்டோமா?

ஒருவகையில் ஆம், மற்றொருவகையில் இல்லை. உரையளவையை நமது முன்னோர் இழிவாகக் கருதவில்லை. எவர் உரையை ஏற்பது என்பதிலேயே கருத்தூன்றினர். பொருளை உள்ளவாறு அறிந்தவனாயும் பிறரை வஞ்சியாதவனாயும் இருப்பவனே நம்பத்தக்கவன். இவ்விரு பண்புகளோடு மூன்றாவது ஒன்றையும் இக்காலத்திற் சேர்த்துக்கொள்ளல் தகும்: தன்னை மறுப்பதற்குரிய வழியையும் பிறர் கையிற் கொடுப்பவனாயிருத்தல் வேண்டும். 2024ஆம் ஆண்டின் எண்ணை அறிவிக்குமுன்னர், வெவ்வேறு செய்நிரல்களைக் கொண்டு வெவ்வேறு பொறிகளிலே அதனைத் திரும்பத் திரும்பச் சோதித்தனர். பயன்படுத்திய முறை ஒளிவுமறைவின்றி உள்ளது. லூக்காவின் வழியறிந்த எவரும் தக்க பொறியைக் கொண்டு மீண்டும் சோதிக்கலாம். மேர்சென் முடிவினை மட்டும் தந்தார். இவர்கள் முடிவோடு வழியையும் தருகின்றனர். இரண்டும் உரையே, ஆயினும் முன்னையது மூடிய உரை, பின்னையது திறந்த உரை.

எண்ணின் காரணிகளை அறிதலாற் பயனென்ன, ஒருவர் தம் ஓய்வுநாட்களை இதற்கெனச் செலவிடலாமா என வினவுவாருமுண்டு. கோல் தம் எண்ணைத் தேடியபோது அதனால் யாதொரு பயனும் எதிர்பார்க்கப்படவில்லை. பின்னாளில், 1977ஆம் ஆண்டில் ஆர்.எஸ்.ஏ. என்னும் மறைகுறி முறை வகுக்கப்பட்டபோது, பெருக்கல் எளிது, காரணிப்படுத்தல் அரிது என்னும் அதே உண்மை இரகசியங்களைக் காக்கும் அரணாயிற்று. அவ்வாண்டிலேயே 129 இலக்க எண்ணொன்றைக் காரணிப்படுத்துமாறு உலகோருக்கு அறைகூவல் விடுக்கப்பட்டது. அதற்குக் கோடானுகோடி ஆண்டுகள் செல்லுமென மதிப்பிட்டனர். 1994ஆம் ஆண்டில், ஏறத்தாழ அறுநூறு தொண்டர்கள் தத்தம் கணினிகளை இணைத்துழைக்க, அது காரணிப்படுத்தப்பட்டது. ‘இயலாது’ என்னும் அறிஞர் கூற்றும் ஓர் உரையே. அதனையும் சோதித்தே ஏற்கவேண்டும் என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுவதில்லை. எனினும், கோலின் உழைப்புக்கு இப்பயன் காரணமன்று. ஐயத்துக்கு இடமின்றி ஒன்றைப் பிறர்முன் வைத்தல் என்பதே தன்னளவில் ஓர் அறமாதலின், அதற்கு வேறு கூலி வேண்டியதில்லை.

இவையெல்லாம் கணிதவியலாளருக்கு மட்டுமே உரியன எனக் கொள்ளலாகாது. பல்கலைக்கழகத்தில் நாம் பெறும் அறிவிற் பெரும்பகுதி உரையால் வருவதே. விரிவுரையிற் கேட்டதைக் குறிப்பேட்டில் எழுதி, குறிப்பேட்டில் எழுதியதை விடைத்தாளிற் பெயர்த்து, அதன் பேரிற் பட்டமும் பெறுகின்றோம். ஓர் அரசனின் காலம், ஓர் இலக்கியத்தின் தொன்மை, ஓர் இனத்தின் பூர்வீகம் முதலியவற்றைப் பற்றி ‘அறிஞர் கூறுவர்’ என்னும் இரு சொற்களை முன்வைத்து எதையும் எழுதிவிடுகின்றோம். அவ்வறிஞர் எதைக்கொண்டு கூறினார் என வினவுவோர் மிகச் சிலரே. எல்லாவற்றையும் ஒருவன் தானே சோதித்தறிதல் இயலாது. வாழ்நாள் அதற்குப் போதாது. நம்பாமல் வாழமுடியாது என்பது உண்மையே. ஆயின், எதனை நம்பிக்கையால் ஏற்றோம், எதனைக் கருதலால் துணிந்தோம், எதனைச் சோதித்துக் கண்டோம் என்பவற்றை வேறுபிரித்து வைத்திருத்தல் எவராலும் இயலும். அவ்வேறுபாட்டை மறைத்து, கேட்டதைக் கண்டதுபோலச் சொல்வதே அறிவுலகின் பொய். வரலாற்றிலும் அரசியலிலும் அப்பொய் விளைத்த தீங்கு, எண்ணொன்றைத் தவறான பட்டியலிற் சேர்த்ததனால் விளைந்த தீங்கினும் பன்மடங்கு பெரியது.

எண்களிடத்து ஒரு வசதி உண்டு: பிழையான உரை என்றாவது ஒருநாள் பெருக்கலால் வெளிப்பட்டுவிடும். மனிதர் வாழ்வு பற்றிய கூற்றுக்களுக்கு அத்தகைய பெருக்கல் வாய்ப்பதில்லை. அதனாலேயே, எண்ணைப் பற்றிப் பேசுவோனைக் காட்டிலும் மனிதரைப் பற்றிப் பேசுவோனுக்குப் பொறுப்பு மிகுதி. தான் எவ்வாறு அறிந்தான் என்பதைத் தானே முன்வந்து சொல்லவேண்டிய கடப்பாடு கலைப்பீடத்தாராகிய நமக்கே அதிகம் எனலாம்.

இக்கட்டுரையிற் சொல்லப்பட்டவற்றுட் சில உரையால் அறிந்தவை. ஆண்டுகளும் பெயர்களும் அத்தகையன. ஆனால், 193,707,721ஐ 761,838,257,287ஆற் பெருக்கினால் வருவது 147,573,952,589,676,412,927 என்பதனை எவரும் எமது சொல்லைக் கொண்டு ஏற்கவேண்டியதில்லை. அவரவர் பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.